சவரக்கத்தியை வீட்டில் தீட்டுவது: முதல் கல்லிலேயே முக்கால் வேலை

மலேசியாவில் தோட்டத்து ஆட்களில் கத்தி தீட்டத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டும் கத்தி, பாராங் என்னும் வெட்டுக்கத்தி, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் எதுவானாலும் வேலைக்குப் போகிறவரே தீட்டிக்கொள்வார். அந்தக் கைப்பழக்கத்தோடு சவரக்கத்தியைத் தொட்டால்தான் வம்பு. பாராங்கை அழுத்தித் தேய்க்கலாம், சாய்வைக் கை பார்த்துக்கொள்ளும். சவரக்கத்தியிடம் இந்த இரண்டும் செல்லாது. அழுத்தினால் வாய், அதாவது கூர் விளிம்பு, வளையும், சாய்வைக் கையால் வைத்தால் கூர் மழுங்கும்.

சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் முடிவெட்டும் கடைக்குள் போய்ப் பாருங்கள். எல்லாரும் பிளேடை இரண்டாக உடைத்துச் செருகும் கத்திக்கு மாறி வெகுகாலமாகிறது. ஒருவர் முகத்துக்கு ஒரு பிளேடு, அதோடு குப்பை. தொற்று நோய்க் கணக்கில் அதுதான் சரி. ஆனால் பழைய மடக்குக் கத்தியைக் கொடுத்து, "அண்ணே, கொஞ்சம் தீட்டிக் குடுங்க" என்று கேட்க இப்போது ஆள் இல்லை. தாத்தா பெட்டியில் கிடந்த ஜெர்மன் கத்தியானாலும் சரி, ஷாப்பியில் வாங்கிய புதுக் கத்தியானாலும் சரி, நாமேதான் கூர் வைக்க வேண்டும். புதுக் கத்தி கூரோடு வரும் என்று நம்பாதீர்கள். மலிவு விலைக் கத்திகள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்ததும் முகத்தில் வைக்கிற நிலையில் வருவதில்லை.

எந்தக் கத்தி

கத்தியின் அகலத்தை அங்குலத்தை எட்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். எட்டில் ஐந்து என்றால் சுமார் 16 மி.மீ., எட்டில் ஆறு என்றால் 19 மி.மீ. பழகுவதற்கு இந்த இரண்டும் போதும். அதைவிட அகலமானது பார்க்க மிடுக்காக இருக்கும், மூக்குக்குக் கீழே திருப்ப முடியாது.

பழைய கத்தி வாங்கினால் மேலே உள்ள கறையைப் பார்த்து மிரள வேண்டாம். பார்க்க வேண்டியது வாய் ஓரத்தில் கடைசி 2 மி.மீ. மட்டும். அங்கே கறுப்புப் புள்ளியாகத் துரு குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்ட அந்தக் குழி வாய்க்கு வந்து, பொடிப் பொடியாக உதிரும். நடுவில் வாய் உள்வாங்கியிருந்தால், அதாவது கத்தியை மேசைமேல் நிறுத்தினால் பிடிப்பக்கத்து அடியும் நுனியும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால், முதல் கத்தியாக அதை எடுக்காதீர்கள். வெளிப்பக்கம் இலேசாக வளைந்த வாய் பரவாயில்லை, அதைச் சமாளிக்கலாம். மயிரிழை வெடிப்பு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தால் வெடிப்பு கோடாகத் தெரியும்.

முதுகையும் பாருங்கள். இரண்டு பக்கமும் கல்லில் உராய்ந்த தட்டைப் பட்டை இருக்கும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் முன்னே தீட்டியவர் ஒரே பக்கம் அழுத்தியிருக்கிறார், அல்லது கத்தியே கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

வாய்க்கும் பிடிக்கும் இடையிலுள்ள தண்டில் ஸோலிங்கன் என்று அடித்திருந்தால் நல்ல அறிகுறி. அந்த ஊர்ப் பெயரை 1938-லிருந்து ஜெர்மன் சட்டம் காத்து வருகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளும் அருமையானவை, பழையவற்றில் பல ஆப்பு மாதிரி கனமாக இருக்கும், கல்லில் தேயக் கூடுதல் நேரம் பிடிக்கும். சீனாவிலிருந்து வரும் மலிவுக் கத்திகளில் இரும்பு பல நேரம் நன்றாகவே இருக்கிறது. குறை சாணை பிடித்ததில்தான்: முதுகு ஒரே கனமாக இருக்காது, அடிப்பக்கத்தில் தோள், அதாவது கத்தி தண்டோடு சேரும் கனமான இடம், புடைத்துக்கொண்டு கல்லில் இடிக்கும். பளபளவென்று டிசைன் போட்டு, காட்சிக்கு வைக்கிற மாதிரி வரும் கத்திகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கூர் நிற்காத இரும்பில் எவ்வளவு தீட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

முதுகே அளவுகோல்

சவரக்கத்தியில் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கத்தியைக் கல்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். இடையில் குழிவாகக் கடைந்திருப்பதால் வேறெதுவும் தொடாது. அந்தப் படுக்கை தானே கோணத்தை அமைக்கிறது. 16 மி.மீ. அகலமும் 4.7 மி.மீ. முதுகுக் கனமும் உள்ள கத்தியில் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 17 பாகை வரும். சமையல் கத்திக்கு 30, 40 பாகை வைக்கிறோம். சவரக்கத்தியின் வாய் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது, ஏன் அழுத்தம் தாங்காது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆகவே தீட்டும்போது எந்தக் கட்டத்திலும் முதுகைக் கல்லிலிருந்து தூக்கக் கூடாது. திருப்பும்போதுகூட முதுகைக் கல்லில் வைத்தே உருட்ட வேண்டும், வாய் மேலே வந்து மறுபக்கம் இறங்கும். வாயை வைத்து உருட்டினால் அத்தனை நேர வேலையும் அந்த ஒரு புரட்டில் போய்விடும்.

முதுகு தேயாமலிருக்க வயர்மேன்கள் சுற்றும் கறுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டலாம். டேப்பின் கனம் சுமார் 0.13 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். சவரத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. பழகுகிறவர்கள் டேப் ஒட்டியே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. முதல் சில மாதங்களில் எல்லாரும் அழுத்தத்தான் செய்வார்கள், தேய்வது டேப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். டேப் முனையில் கிழிந்தாலோ வெளிறித் தேய்ந்தாலோ உடனே மாற்றுங்கள். கல் மாறும்போதெல்லாம் புது டேப் ஒட்டுங்கள். பழைய டேப்பின் பசையில் ஒட்டிய பெரிய துகள், மெல்லிய கல்லில் வந்து கீறும்.

கற்கள்

ஹார்ட்வேர் கடையில் ஒரு பக்கம் கரடும் ஒரு பக்கம் நைசுமாகக் கிடைக்கும் கறுப்புக் கல் பாராங்குக்கு உரியது. அதில் நைசு என்று எழுதியிருக்கும் பக்கமே சவரக்கத்தியின் வாயைப் பல்லுப் பல்லாக ஆக்கிவிடும்.

வேண்டியது 1000, 4000 அல்லது 5000, 8000, 12000 என்ற வரிசையில், நம்பர் கூடக் கூட நைசாகும் தண்ணீர்க் கற்கள். எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, ஆனால் 1000 நல்ல கல்லாக இருக்கட்டும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 உள்ள கல்லோடு தொடங்குகிறவர்கள் உண்டு. 6000-த்தோடு நிறுத்தி முகத்தில் வைத்தால் மழிக்கும், ஆனால் எரியும். அதற்குமேல் ஒரு நைசான கல்லோ, பச்சைப் பசை தடவிய வாரோ (கத்தியை ஓட்டிப் பதமாக்கும் தோல் பட்டை) கட்டாயம் தேவை. கல்லின் அகலம் 3 அங்குலம், நீளம் 8 அங்குலம் இருந்தால் சௌகரியம்.

கல்லுக்குப் பதில் மணல் தாள் போதுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கடையில் பி 2000 என்று கிடைக்கும் ஈரத்தாளின் துகள் சுமார் 10 மைக்ரான். ஜப்பானிய அளவில் 2000 நம்பர் கல்லின் துகள் 7 மைக்ரானுக்கும் குறைவு. இரண்டும் வேறு வேறு அளவுமுறை. தாளில் 2000 என்பது கல்லில் 1000, 1200-க்குத்தான் நெருக்கம். தாளில் 2000 வரை வந்துவிட்டோம் என்று நேரே 8000 கல்லுக்குத் தாவினால் கீறல் போகவே போகாது. மலிவாக முடிக்க வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது: மைக்ரானில் அளவு போட்டு வரும் மெருகுத் தாள். 12, 5, 3, 1, கடைசியாக 0.3 மைக்ரான். கனமான கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் தெளித்து ஒட்டினால் கல்லைப்போலவே வேலை செய்யும். அடியில் ஒரு மணல் துளி சிக்கினாலும் தாள் புடைத்து வாயைக் கெடுக்கும். கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

புதுக் கல்லும் சமதளமாக இருக்காது. அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். கண்ணாடித் துண்டின்மேல், அல்லது முழுதும் தட்டையான தரை டைல்மேல், 400 நம்பர் ஈரத்தாளை வைத்துத் தண்ணீர் விட்டுக் கல்லைத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அழிந்தால் சமம். நடுவில் கோடு மிச்சம் இருந்தால் கல் அங்கே குழிந்திருக்கிறது. கடைசியில் கல்லின் நான்கு ஓரத்தையும் தாளில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூரான ஓரத்தில் கத்தி தட்டினால் வாயில் பல் விழும்.

1000 நம்பர் கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வைக்கலாம். ரெசினால் கட்டிய நைசான கற்களை ஊற வைக்காதீர்கள், தெளித்தால் போதும். ஊறி ஊறிக் காய்ந்தால் அவை வெடிக்கும். எந்தக் கல்லையும் வெயிலில் காயப் போட வேண்டாம்.

ஆயிரம் நம்பர் கல்

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். 1000-ல் வாயின் இரண்டு பட்டையும், அதாவது கூருக்கு இரு பக்கமும் கல் தேய்க்கும் சரிவுகளும், முழு நீளத்துக்கு ஒன்றையொன்று சந்திக்காவிட்டால், மேலே எத்தனை ஆயிரம் நம்பர் கல்லில் தேய்த்தாலும் மழுங்கல் பளபளப்பாகுமே தவிரக் கூராகாது. வீட்டில் தீட்டி "மயிரை இழுக்குது" என்று சொல்லும் கத்திகளை வாங்கிப் பார்த்தால் பத்துக்கு ஒன்பதில் குறை இதுதான்.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி போடுங்கள், நகராது. உயரம் இடுப்பளவு இருக்கட்டும். கத்தியின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடியுங்கள், பிடி கத்தியோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும். கல் உங்களுக்கு நேராக நீளவாக்கில். கத்தி குறுக்கே, வாய் எதிர்ப்பக்கம் பார்த்து. வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். தள்ளிக்கொண்டே, வலது கைக்காரர் கத்தியை வலப்பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். தொடங்கும்போது அடிப்பக்கம் கல்மேல் இருக்கும், முடியும்போது நுனிப்பக்கம் மட்டும் கல்மேல். முதுகை உருட்டித் திருப்பி, வாய் உங்களைப் பார்க்க, அதேபோலக் கையருகே இழுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு வழியும் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் நுனியைவிடச் சற்று முன்னே போகும்படி கத்தியைச் சாய்த்து வைத்தால் தோள் கல்லில் ஏறாது. தோள் ஏறினால் அந்த இடத்தில் வாய் கல்லைத் தொடாது. போகப் போக அடிமுனை கொக்கிபோலக் கூர்ந்து கன்னத்தைக் கீறும்.

மழுங்கிய கத்திக்கு முதலில் ஒரே பக்கம் 20 முறை முன்னும் பின்னும், பிறகு மறுபக்கம் 20. இந்தக் கட்டத்தில் மட்டும் ஆட்காட்டி விரலின் எடையைக் கத்தியின்மேல் வைக்கலாம். விரலின் எடை என்றால் விரலின் எடைதான், தோள் எடை இல்லை. குழிவாகக் கடைந்த கத்தியை அழுத்தினால் மெல்லிய தகடு வளைந்து வாய் கல்லைவிட்டு எழும். நீங்கள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். அழுத்தம் பிசிறையும், அதாவது வாய் ஓரத்தில் புரண்டு நிற்கும் மெல்லிய இரும்பு இழையையும், கொண்டு வரும். சமையல் கத்திக்குப் பிசிறு வந்தால் தீட்டு முடிந்தது என்று சந்தோஷப்படுவோம். இங்கே அது வாயிலிருந்து பிய்ந்து போகப்போகிற இரும்பு.

எங்கே தேய்கிறது என்று தெரிய மார்க்கர் பேனா போதும். பட்டையின் முழு நீளத்துக்கும் மை பூசி, கல்லில் ஒரே ஒரு தள்ளு. லூப் என்னும் சின்னப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், 10 மடங்கு பெரிதாக்குவதே போதும், 30 இருந்தால் இன்னும் நல்லது. மை முழுக்கப் போயிருந்தால் கல் பட்டை முழுதும் படுகிறது. வாயின் ஓரத்தில் மட்டும் மயிரிழை அளவு மை மிச்சமிருந்தால் இன்னும் வாய் வரை எட்டவில்லை. நுனியில் மட்டும் மை போகவில்லையென்றால் முழங்கையைத் தாழ்த்துகிறீர்கள், அல்லது கத்தி முறுக்கல்.

மை பூசாமலும் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கல்மேல் நிற்கும் தண்ணீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் கத்தி தள்ளும்போது தண்ணீர் வாய்க்கு முன்னால் அலையாக ஒதுங்கிப் போகும். பட்டை சேர்ந்து வர வர, வாய் தண்ணீரை அடியிலிருந்து வாருகிற மாதிரி தண்ணீர் கத்தியின் மேல்பக்கம் ஏறத் தொடங்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஏறினால் வேலை நெருங்கிவிட்டது. நடுவில் ஒரு விரற்கடை மட்டும் ஏறாமல் ஒதுங்கினால் குறை அந்த இடத்தில். சத்தமும் மாறும், சரசரப்பு அடங்கி ஒரே சீரான இழுப்பாக வரும்.

பிறகு விளக்குச் சோதனை. வாயை மேல்பக்கம் பிடித்து விளக்குக்கு நேரே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்கேயாவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே வாய் தட்டையாக இருக்கிறது. கடைசியாக முன்கை மயிர்: தோலை ஒட்டி, அழுத்தாமல், அடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் மழிக்க வேண்டும். ஓர் இடத்தில் மழித்து இன்னோரிடத்தில் வழுக்கினால் திரும்ப 1000-க்கே போங்கள். கட்டைவிரல் நகத்தை ஈரமாக்கி அதன்மேல் கத்தியை அதன் எடையிலேயே இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, வாய் சீராக நகத்தைப் பிடிக்க வேண்டும். அது வாயைக் கொஞ்சம் கெடுக்கும், ஆகவே 1000-ல் மட்டும், மேல் கற்களில் வேண்டாம்.

இதற்கு முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கலாம், இரண்டும் பிடிக்கலாம். அவசரப்பட்டால் இதே வேலையை நாளைக்கும் செய்ய வேண்டிவரும். பட்டை சேர்ந்தபின் அழுத்தமே இல்லாமல் பெருக்கல் குறித் தள்ளு ஒரு இருபது கொடுத்து 1000-த்தை முடியுங்கள், முன்பு அழுத்தியதால் வந்த பிசிறு போய்விடும்.

முறுக்கிய கத்தியோ, வெளிப்பக்கம் வளைந்த வாயோ இருந்தால் 3 அங்குலக் கல் ஒரே நேரத்தில் முழு நீளத்தைத் தொடாது. அப்போது அடியில் தொடங்கி நுனிக்குப் போகும்போது மணிக்கட்டை மிக இலேசாக உருட்டிக்கொண்டே தள்ள வேண்டும், எந்த நேரத்திலும் ஒரு பகுதி மட்டும் கல்லில் படும்படி. ஒரு அங்குலம் ஒன்றரை அங்குல ஒடுக்கக் கல் கிடைத்தால் இதற்கு அருமை.

மேல் கற்கள்

இனி வேகமாகப் போகும். 4000 அல்லது 5000-ல் 30 முதல் 50 சுற்று, ஒரு போக்கும் ஒரு வரவும் சேர்ந்து ஒரு சுற்று. எண்ணிக்கையை நம்பாதீர்கள், லூப்பை நம்புங்கள். 1000 போட்ட ஆழமான கீறல் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. கீறலைப் பிரித்துப் பார்க்கச் சுலப வழி, கல் மாறும்போது, முதுகைத் தூக்காமல், கத்தி கல்மேல் குறுக்கே கிடக்கும் திசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது. புதுக் கீறல் வேறு திசையில் ஓடும், பழையது தனியே தெரியும்.

8000-ல் 25 முதல் 40. இந்தக் கல்லின் துகள் சுமார் 1.2 மைக்ரான், பட்டை கண்ணாடிபோல மாறுவது இங்கேதான். பலர் இங்கேயே நிறுத்தி நன்றாக மழித்துக்கொள்கிறார்கள். 12000-ல் 15, 20 போதும். கல் சுத்தமாக, தண்ணீர் நிறைய, கை எடையே இல்லாமல். கடைசியில் கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிற மாதிரி ஓர் உணர்வு வரும். தட்டையும் தட்டையும் சேர்ந்தால் வரும் ஒட்டல் அது. வந்தால் நிறுத்துங்கள்.

நிறுத்தத் தெரியாமல் நைசான கல்லில் ஐம்பது, நூறு என்று போட்டால் வாயில் ஈயத்தாள் மாதிரி மெல்லிய இழை நீளும். முன்கையில் மயிர் பறக்கும், முகத்தில் இரண்டு இழுப்பில் அந்த இழை உடைந்து கத்தி திடீரென்று மொண்ணையாகிவிடும். அப்படி ஆனால் அதே கல்லில் முதுகு முன்னே போகிற மாதிரி, வாய் பின்னால் வர, ஐந்தாறு இழுப்பு இலேசாகக் கொடுங்கள், பிறகு வழக்கமான திசையில் பத்து. அதற்கும் சரியாகவில்லையென்றால் ஒரு கல் கீழே இறங்க வேண்டியதுதான்.

தொங்கும் மயிரிழையை வாயில் தொட்டு அறுத்துக் காட்டும் வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. கழுவிய மயிரை வேர்ப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்டு வாயில் இறக்கினால் டக்கென்று அறும். சிலருடைய மயிர் தடி, சிலருடையது பூஞ்சை. தடி மயிர் மொண்ணைக் கத்தியிலும் அறும். ஒரே தலை மயிரை வைத்து ஒவ்வொரு தடவையும் சோதித்தால்தான் அதற்கு அர்த்தம். கூட்டம் கூட்டி வீடியோ எடுக்க நல்ல சோதனை, அவ்வளவுதான்.

வார்

கல்லை எப்போதாவது தொடுவீர்கள், வாரைத் தினமும் தொட வேண்டும். இரண்டரை, மூன்று அங்குல அகலத் தோல்வார், பின்னால் கேன்வாஸ் துணியோடு இருப்பது சரியான அமைப்பு. ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இருந்தால் வார் வாயைச் சுற்றிக்கொண்டு கூரை உருட்டிவிடும்.

வாரில் திசை நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. முனை வந்ததும் முதலில் நில்லுங்கள், பிறகு முதுகைத் தோலில் வைத்தபடியே உருட்டித் திருப்புங்கள், அதற்குப் பிறகுதான் திரும்பி வர வேண்டும். ஓட்டத்தோடு திருப்ப ஆசைப்பட்டால் தோலில் வெட்டு விழும். வேகம் தானாக வரும், சினிமாவில் பார்க்கிற சட்சட் சத்தத்தைத் தேடிப் போகாதீர்கள். கல்லிலிருந்து வந்த கத்திக்குத் துணியில் 30, தோலில் 60. தினசரிச் சவரத்துக்கு முன் துணியில் 20, தோலில் 40, 50. அப்படியே ஒட்டி இழுக்கிற தோல் நல்லது. எண்ணெய் தடவ வேண்டாம், உள்ளங்கையால் தேய்த்தாலே போதிய பதம் ஏறும்.

பச்சைப் பசை என்று கிடைப்பது குரோமியம் ஆக்சைடு. அரை மைக்ரான் என்று அளவு சொல்லி விற்பதை வாங்குங்கள், பளபளப்புச் சக்கரத்துக்கு விற்கும் கட்டியில் பெரிய துகளும் கலந்திருக்கும். இதைத் தினசரித் தோலில் பூசாதீர்கள். தனியாக ஒரு தோல் பட்டையைச் சமமான பலகையில் ஒட்டி, மிக மெலிதாக, தோலின் நிறம் உள்ளே தெரிகிற அளவுக்குப் பூசினால் போதும். கூர் தளர்ந்தது என்று தோன்றும்போது அதில் 10 சுற்று, பிறகு சுத்தமான தோலில் வழக்கம்போல.

முகத்தில் வைத்துப் பார்க்கும்போது கத்தியே சொல்லிவிடும். தோலோடு சுமார் 30 பாகைச் சாய்வில் வைத்து, மயிரை இழுத்தால் 1000-ல் பட்டை சேரவில்லை. நன்றாக அறுத்துவிட்டு எரிந்தால் மேல் கல் போதவில்லை, அல்லது இழை நிற்கிறது. ஒரு கன்னம் நன்றாகவும் மறு கன்னம் மோசமாகவும் வந்தால் கத்தியைக் குறை சொல்ல வேண்டாம், இடது கைக்குப் பழக்கம் போதவில்லை.

நம் ஊர் ஈரம்

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்பில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியில் 70 முதல் 90 சதவீதம் நிற்கிறது. சவரக்கத்தி இரும்பில் கரிச்சத்து அதிகம், துருவைத் தடுக்கும் குரோமியம் பெரும்பாலும் இல்லை. கூர்முனையின் கனம் அரை மைக்ரானுக்கும் குறைவு. அந்த அளவில் துரு கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. பார்க்கக் கத்தி பளபளவென்று இருக்கும், ஒரு வாரம் கழித்து எடுத்தால் இழுக்கும். தீட்டு சரியில்லையோ என்று திரும்பக் கல்லுக்கு ஓடுகிறவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சவரம் முடிந்ததும் சோப்பு போகக் கழுவி, டிஷ்யூவால் முதுகிலிருந்து வாய் நோக்கி ஒற்றி எடுங்கள், வாயின் நீளத்துக்குத் துடைக்காதீர்கள். சுத்தமான வாரில் ஐந்தாறு சுற்று ஓட்டினால் மிச்ச ஈரமும் போகும். பிடிக்கு உள்ளே, ஆணி இருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். கத்தியை அரைகுறையாகத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, விரலால் இரண்டு பக்கமும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் காறிப்போகும். குளியலறையில் வைக்கவே கூடாது. தோல் உறையும் ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். காலி மைலோ டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வைத்தால் கத்திக்கு அது போதும். தோல்வாரை மட்டும் டப்பாவில் அடைக்காதீர்கள், காற்றோட்டமாகத் தொங்கட்டும். மழைக்காலத்தில் அதில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, உள்ளங்கையால் தேய்த்துப் பதப்படுத்துங்கள்.

கத்தி ஆளுக்கு ஒன்று. அண்ணன் தம்பிக்குள்கூட மாற்றிக்கொள்ள வேண்டாம், ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். பழைய கத்தி வாங்கினால் தீட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள், தீட்டிய பிறகு இன்னொரு முறையும். குளோராக்ஸ் வகை வெளுப்புத் திரவத்தில் ஊறப் போட்டால் இரும்பை அரித்துவிடும்.

வாரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 12000 கல்லில் ஐந்து முதல் பத்து சுற்றுப் போதும். 1000-த்தைத் திரும்ப எடுப்பது வாயில் பல் விழுந்தால் மட்டும். முதலில் டேப் ஒட்டித் தீட்டிய கத்தியானால் இந்தப் பத்துச் சுற்றுக்கும் அதேபோல ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் வைத்தால் முதுகு தாழ்ந்து, கல் பட்டையின் மேல் விளிம்பை மட்டும் தேய்க்கும், வாயைத் தொடாது.